மொகல் தெருவின் வராக்கடன்

இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10ஆம் தேதி ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவு திறந்தது: காரைக்குடி, சென்னை, ரங்கூன். தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். செட்டிநாட்டுப் பணம் எங்கெங்கே போய் வேலை செய்ததோ அங்கெல்லாம் ஒரு வங்கிக் கிளை இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஐம்பது நாள் கழித்து, ஏப்ரல் 1ஆம் தேதி, பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்து தனி ஆட்சிப் பகுதியானது. அதுவரை ரங்கூனில் கொடுத்த கடனும் மதுரையில் கொடுத்த கடனும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். ஒரே ரூபாய், ஒரே தபால், ஒரே சிவில் நடைமுறைச் சட்டம், கடைசி மேல்முறையீட்டுக்கு ஒரே லண்டன் பிரிவி கவுன்சில். அந்த ஏப்ரலிலிருந்து ரங்கூன் கடன் மெல்ல மெல்ல வெளிநாட்டுக் கடனாக மாறத் தொடங்கியது. முழுதாக மாறி முடிந்தபோது, தலைமுறைகளாகச் சேர்த்த கோடிக்கணக்கான ரூபாய் வராக்கடன் பத்திக்குப் போயிருந்தது.

நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் கடல் கடந்து தொழிலுக்குப் போவதற்குக் 'கொண்டு விற்கப் போவது' என்று பெயர் வைத்திருந்தார்கள். உப்பும் துணியும் அரிசியும் கொண்டு விற்ற காலத்துப் பேச்சு, பணத்தைக் கொண்டுபோய் வட்டிக்கு விடும் காலத்திலும் நிலைத்துவிட்டது. இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், மேடான் என்று பல துறைமுகங்களுக்குப் போனார்கள். ஆனாலும் பர்மாவுக்கு நிகராக எதுவும் இல்லை. 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி செய்ய வழி பிறந்ததும், ஐராவதியின் கழிமுகத்தில் காடும் சதுப்புமாகக் கிடந்த நிலம் வயலாகத் தொடங்கியது. காடு வெட்ட, கரை கட்ட, மாடு வாங்க, முதல் அறுவடை வரை சாப்பிட, எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் குடியானவனின் முகத்தையே பார்க்காது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் செட்டியார்கள்.

1876இல் வந்த கீழ்ப் பர்மா நிலச் சட்டம் இதற்கு அடித்தளம் போட்டது. பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து பயிரிட்டுத் தீர்வை கட்டினால் நிலம் உழுதவனுக்குச் சொந்தம் என்றது அது. சொந்தம் என்றால் விற்கலாம்; விற்கலாம் என்றால் அடமானமும் வைக்கலாம். குடியானவனைக் காக்கப் போட்ட சட்டமே அவன் நிலத்தை ஈடு வைக்கத்தக்க பொருளாக்கியது. பிறகு நடந்ததற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது என்று சொல்லலாம்.

ரங்கூனில் மொகல் தெருவே செட்டியார் தெருவாக இருந்தது. கிட்டங்கி என்ற நீண்ட கூடத்தில் பல கடைகள் சேர்ந்து இருக்கும். கடை என்றால் ஒரு பாய், ஒரு மரப்பெட்டி, சாய்வு மேசை, அவ்வளவே. பகலில் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வரவு செலவு பார்ப்பவர்கள் இரவில் அதன் அருகிலேயே படுத்துக்கொள்வார்கள். பதின்ம வயதில் வந்து சேரும் பெட்டியடிப் பையன், அவனுக்கு மேலே அடுத்தாள், எல்லாருக்கும் மேலே ஏஜெண்டு. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். ஏஜெண்டு கையில் 'பவர்' எழுதிக் கொடுத்து, சம்பளச் சீட்டு போட்டு, மூன்று ஆண்டுக்கு அனுப்புவார். தவணை முடிந்து அடுத்த ஏஜெண்டு வரும்போது, பேரேட்டில் ஒவ்வொரு பெயராக எடுத்து எது தேறும், எது தேறாது என்று பார்த்துக் கை மாற்றிக்கொள்வார்கள். கடல் தாண்டிய கடனைக் காப்பாற்றிய முதல் கருவி இந்தக் கைமாற்றம்தான்.

வட்டி நிர்ணயமும் அங்கேயே நடந்தது. தமிழ் மாதத்தின் நடுவில் ஒரு மாலை, மொகல் தெருக் கோயிலில் கடைக்காரர்கள் கூடி அந்த மாதத்து நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். கடைகள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் பணத்துக்கு அதுவே விலை. தவணை வட்டி அதை ஒட்டி நிற்கும். காரைக்குடியில் உட்கார்ந்திருக்கும் விதவை ஒருத்தியின் சீதனப் பணமும் இந்த வட்டியில் வளர்ந்தது. ஆகவே ரங்கூன் நெல் விலை செட்டிநாட்டு அடுப்படி வரைக்கும் செய்தியாக இருந்தது.

கடை கடைக்குக் கொடுத்த கடன் திரும்பாமல் போவது அரிது. காரணம் பத்திரம் அல்ல. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஏதாவது ஒன்றில் புள்ளியாக, அதாவது உறுப்புக் குடும்பமாக, இருப்பவர் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் கோயில் மாலை வரும். கொடுத்தவரும் வாங்கியவரும் அந்தக் கோயில் கணக்குக்குள் இருப்பவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுப்பவர்கள். மோல்மேனில் கையை விரித்தால் தேவகோட்டையில் தலை நிமிர முடியாது. ஊருக்குள் மஞ்சள் கடுதாசி கொடுப்பதைவிடக் கடலில் விழலாம் என்று எண்ணும் சமூகத்தில், வசூலுக்கு வக்கீல் தேவைப்படவில்லை. பர்மியக் குடியானவனோடு அப்படி ஒரு கட்டு இல்லை. அங்கே நிலப் பத்திரமும் ஆங்கிலேயன் நீதிமன்றமும்தான் ஜாமீன்.

அந்த ஜாமீன் அறுபது எழுபது ஆண்டு நன்றாகவே வேலை செய்தது. நடவுக்கு முன் பணம் வாங்கிய விவசாயி அறுவடை முடிந்ததும் கட்டினான். அடுத்த மழைக்கு மறுபடி வாங்கினான். உள்ளூர் வட்டிக்காரர்களைவிடச் செட்டியார் வட்டி குறைவு என்பதும், கணக்கில் பிசகு இராது என்பதும் அங்கே பேசப்பட்டவை. மாகாண ஆளுநராக இருந்த ஹார்கோர்ட் பட்லரே, செட்டியார் பணம் இல்லாமல் பர்மாவுக்கு இந்த வளர்ச்சி இல்லை என்ற பொருளில் பேசியிருக்கிறார். உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா உயர்ந்தது. 1929-30இல் அமர்ந்த பர்மா வங்கி விசாரணைக் குழு எண்ணிப் பார்த்தபோது சுமார் 1,650 செட்டியார் கடைகள் அங்கே இருந்தன. அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அது மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி வயலில் இறங்கியிருந்தது.

அந்த அறிக்கையின் மை காய்வதற்குள் உலகப் பொருளாதார மந்தம் வந்துவிட்டது. நூறு கூடை நெல்லின் விலை சில பருவங்களிலேயே பாதிக்கும் கீழே சரிந்தது. விவசாயி அதே அளவு விளைவித்தான், அதே அளவு விற்றான், வட்டிக்குக்கூடப் பணம் சேரவில்லை. மறுபுறம், செட்டியார்களுக்குப் பணம் கொடுத்திருந்த ஐரோப்பிய வங்கிகள் வழக்கமான புதுப்பிப்பை நிறுத்திக் கையைச் சுருக்கின. நடுவில் நின்ற ஏஜெண்டுக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி. வசூல் செய்தாக வேண்டும். வசூல் செய்யப் பணமே இல்லை. இருந்தது நிலம் மட்டும்.

நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். 1930இல் கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கையில் இருந்தது 5,70,000 ஏக்கர், மொத்தத்தில் 6 சதவீதம். 1937 வாக்கில் அது 24 லட்சம் ஏக்கர், ஏறக்குறைய 25 சதவீதம். ஏழு ஆண்டில் நான்கு மடங்கு. நிலத்தை ஆள வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்ல இவர்கள். பணமாகச் சுழன்றால்தான் அவர்கள் தொழில் தொழில். வயலாக முடங்கினால் அது விலங்கு. விற்கலாம் என்றால் அந்த விலையில் வாங்க ஆள் இல்லை. பேரேட்டில் 'வசூலானது' என்று எழுதப்பட்ட ஒவ்வொரு ஏக்கரும் உண்மையில் வசூலாகாத கடனின் வேறு வடிவம்.

இதைக் கழிமுகத்து விவசாயியின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும், செட்டிநாட்டு நினைவுகள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. தாத்தா காடு வெட்டித் திருத்திய வயலில் பேரன் குத்தகைக்காரன் ஆனான். அவன் நிலத்தை விழுங்கியது உலகச் சந்தை. ஆனால் அவன் கண்ணுக்குத் தெரிந்த முகம், பத்திரத்தோடு வந்து நின்ற வேற்று நாட்டு ஏஜெண்டு. 1930 டிசம்பரில் தாராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டு மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகளுக்கும் பர்மியர்களுக்கும் கலவரம் நடந்திருந்தது. 1938இல் மீண்டும் கலவரம், இந்த முறை நாடெங்கும். இந்தியர் என்றால் நிலம் பிடுங்கியவர் என்ற சித்திரம் பதிந்துவிட்டது. சுமை தூக்கிப் பிழைத்த ஏழைத் தெலுங்கரும் தமிழரும் அந்தக் கோபத்துக்கு இரையானார்கள் என்பதுதான் இதில் மிகவும் வலிக்கும் பகுதி.

செட்டியார்கள் எப்போதும் கொடுத்தவர்களாகவே இருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். கொழும்பில் ஆங்கிலேய வங்கிகளிடம் வாங்கி, அதை உள்ளூர் வியாபாரிகளுக்கு மறு கடனாகக் கொடுத்தவர்கள் அவர்கள். 1925இல் சில கடைகள் நொடித்தபோது வங்கிகளே கடன்காரரைத் தேடிக் கடலுக்கு இந்தப் பக்கம் பார்க்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு வங்கிகள் செட்டியார் கடனைச் சுருக்கிவிட்டன. சிறு வியாபாரிகளுக்குப் பணம் கிடைப்பது கடினமாயிற்று. 1934இல் சொராப்ஜி போச்கானவாலா தலைமையில் வங்கி விசாரணைக் குழு அமைந்ததும், 1939இல் இலங்கை வங்கி பிறந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

ஒரு நாட்டுத் தீர்ப்பு இன்னொரு நாட்டில் எவ்வளவு செல்லும்? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் வழக்கு பஞ்சாபின் ஒரு சிற்றரசிலிருந்து வந்தது. ஃபரீத்கோட் அரசின் பொக்கிஷதாராக இருந்த குர்தயாள் சிங் 1874இல் வேலையை விட்டு ஜிந்த் அரசுக்குப் போய்விட்டார். அவர் தரவேண்டிய பணம் என்று எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்டு ராஜா தம் சொந்த நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வரவில்லை; ஒருதலையாகத் தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு ஆங்கிலேய இந்திய நீதிமன்றத்துக்கு வந்தபோது வழக்கு பிரிவி கவுன்சில் வரை போனது. 1894இல் பிரிவி கவுன்சில் சொன்னது: ஊரைவிட்டுப் போன, அந்த நீதிமன்றத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுக்காத ஒருவர்மீது தரப்பட்ட அந்தத் தீர்ப்பு வெளியில் செல்லாது. சட்டப் புத்தகத்தில் இருந்த இந்த விதி நகரத்தார் ஊர்களுக்கும் பக்கத்துச் செய்திதான். செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. ராயவரத்துச் செட்டியாருக்கு ஒரு நீதிமன்றம், காரைக்குடிச் செட்டியாருக்கு வேறொன்று. அங்கே ஒருவர் தீர்ப்பை மற்றவர் நிறைவேற்ற இரு தரப்பு ஏற்பாடுகள் இருந்தன. பர்மா விஷயத்தில் அப்படிப்பட்ட பிணைப்பு அறுந்துபோகும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச் 8ஆம் தேதி நகரம் விழுந்தது. சுமார் 5 லட்சம் இந்தியர் பர்மாவைவிட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம். அராக்கன் மலை வழியாகவும் தமு, இம்பால் வழியாகவும் நடந்தவர்கள் ஏராளம். காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் பல்லாயிரம். உயிர் தப்பி ஊர் வந்து சேர்ந்த ஏஜெண்டுகளிடம் முதலாளிகள் முதலில் கேட்டது ஆளின் நலம். அடுத்துக் கேட்டது பத்திரங்கள் எங்கே என்பதாகத்தான் இருந்திருக்கும். பத்திரம் கையோடு வந்திருந்தாலும் அதில் எழுதப்பட்ட ஆளும் நிலமும் எதிரி வசம் இருந்தன.

மலேயாவில் இன்னொரு விதமான அடி. அங்கே நிலம் எடுக்கவே வழி குறைவு. மலாய் ஒதுக்கீட்டு நிலங்கள் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1933இல் வந்த இறுக்கத்தாலும் வெளியார் கைக்குப் போக முடியாதபடி காக்கப்பட்டிருந்தன. ஆனால் ஜப்பானியர் ஆட்சியில் கடன்காரர்களே தேடி வந்து கட்டினார்கள், வாழை மரம் அச்சடித்த ஜப்பானிய நோட்டில். அது நாளுக்கு நாள் மதிப்பிழந்துகொண்டிருந்த காகிதம். நல்ல டாலராகக் கொடுத்த கடனுக்கு இதை வாங்க மாட்டேன் என்று சொல்லும் துணிவு யாருக்கும் இருக்க முடியாது. போர் முடிந்ததும் அந்த நோட்டு ஒரே நாளில் செல்லாக்காசு. கட்டிய கடன் கட்டியதாகுமா ஆகாதா என்ற வழக்குகள் குவியவே, 1948இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தின் பிற்பகுதியில் எந்த மாதம் கட்டினார்களோ அந்த மாதத்து மதிப்பில் நோட்டை எடைபோட்டு, மீதி பாக்கி என்ன என்று கணக்கிட அட்டவணையே போட்டார்கள். முழுதாக இல்லாவிட்டாலும் மலேயாச் செட்டியார்களுக்குப் பேச ஒரு சட்டமாவது கிடைத்தது.

பர்மாவில் கதவு ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டது. திரும்பிப் போக நினைத்த ஏஜெண்டுகளுக்கு 1947ஆம் ஆண்டுக் குடிவரவு அவசரச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். அதே ஆண்டு, வெளிநாட்டாருக்கு அசையாச் சொத்தை மாற்றித்தருவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பழைய கடன் சுமையிலிருந்து விவசாயிகளை விடுவிக்கவும் சட்டம் வந்தது. 1948 ஜனவரி 4ஆம் தேதி பர்மா சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நில தேசியமயச் சட்டம். உழாத நிலக்கிழாரின் நிலம் அரசுக்கு. அந்தச் சொல்லுக்குள் மொகல் தெரு முழுவதும் அடங்கியது.

புதிய பர்மாவின் தலைவர்கள் பார்வையில் அது அநியாயம் அல்ல. உழுதவனுக்கு நிலத்தைத் திருப்பித் தருவது அவர்கள் விடுதலைப் போராட்டத்தின் வாக்குறுதி, அதை எந்தத் தமிழ் வாசகரும் மறுத்துவிட முடியாது. தமிழ்நாட்டிலேயே ஜமீன் ஒழிப்பும் நில உச்சவரம்பும் வந்த காலம் அது. ஆனால் நட்ட ஈடு என்று சட்டத்தில் எழுதப்பட்டது செட்டிநாட்டு வீடுகளுக்கு ஏறக்குறைய வந்து சேரவே இல்லை. சிரியம் வட்டத்தில் தொடங்கிய நிலப் பங்கீடு உள்நாட்டுப் போரில் நின்றது. 1953இல் சட்டத்தைத் திருத்தி மறுபடி தொடங்கினார்கள். நகரத்தார் தூதுக்குழுக்கள் தில்லிக்கு நடந்தன. நேருவுக்குப் பர்மாவின் நட்பு முக்கியம். புதிதாக விடுதலை பெற்ற அண்டை நாட்டின் கழுத்தில் வட்டிக்கடைக் கணக்கைக் கட்ட அவர் தயாராக இல்லை. பர்மா அரசு இந்திய அரசுக்குத் தரவேண்டியிருந்த 1937 பிரிவினைக் கடன் 1954இல் அரிசிக் கொள்முதலோடு சேர்த்துப் பேசித் தீர்க்கப்பட்டது. அரசுக்கு அரசு பேச ஒரு மேசை இருந்தது. புரோநோட்டு வைத்திருந்த தனி ஆளுக்கு அது இல்லை.

நெல் வயல் போன பிறகும் நகரத்துக் கடைகளையும் வீடுகளையும் வைத்துக்கொண்டு சிலர் காத்திருந்தார்கள். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின. மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கப்பல் கப்பலாகச் சென்னை வந்து இறங்கியவர்களில் செட்டியார்களைவிடச் சிறு வியாபாரிகளும் தொழிலாளர்களும்தான் அதிகம். சென்னைத் துறைமுகத்தின் எதிரே அவர்கள் போட்ட கடைகள் பர்மா பஜார் ஆயின.

இதே காலத்தில் இந்தியச் சட்டம் வேறொரு பாதை போட்டுவைத்திருந்தது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1937இல் சேர்த்த 44ஏ பிரிவின்படி, மத்திய அரசு பெயர் அறிவித்த நாடுகளில், அப்படியே அறிவிக்கப்பட்ட நீதிமன்றங்களின் தீர்ப்பை நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே நேரடியாக நிறைவேற்றலாம். புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை. சான்றிட்ட தீர்ப்பு நகலும், இதுவரை எவ்வளவு வசூலானது என்ற சான்றிதழும் போதும். தகுதியில்லாத நீதிமன்றம், மோசடி, இயற்கை நீதிக்கு மாறான விசாரணை போன்ற காரணங்களைக் காட்டி எதிர்த்தரப்பு தடுக்கலாம். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, வங்கதேசம் அந்தப் பட்டியலில் உண்டு. மியன்மார் இல்லை, இலங்கையும் இல்லை.

2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகம் அதில் சேர்க்கப்பட்டது. துபாயில் வேலை பார்த்து, கார் கடனும் கிரெடிட் கார்டு பாக்கியும் வைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் எங்கும் இருக்கிறார்கள். வேலை போய் வந்தவர்கள், சம்பளம் தராத முதலாளியால் மாட்டிக்கொண்டவர்கள், நோயோடு வந்தவர்கள் என்று அதில் பல ரகம். முன்பு அமீரக வங்கி இங்கே புதிதாக வழக்குத் தொடர வேண்டியிருந்தது. இப்போது அங்கே வாங்கிய தீர்ப்பையே இராமநாதபுரத்திலோ சிவகங்கையிலோ தாக்கல் செய்து வீட்டையும் நிலத்தையும் ஜப்தி செய்யக் கேட்கலாம். அதே 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், லண்டனில் 1995இல் ஒரு வங்கி பெற்ற தீர்ப்பை 2009இல் பெங்களூரில் நிறைவேற்றக் கேட்ட வழக்கில், காலக்கெடுவைத் தீர்ப்பு தந்த நாட்டின் சட்டப்படியே பார்க்க வேண்டும், அதன்படி காலம் கடந்துவிட்டது என்று தள்ளியது. ஆகவே அமீரகத்திலிருந்து நோட்டீஸ் வந்தால், தீர்ப்பு எந்த நீதிமன்றத்தினுடையது, சம்மன் முறையாகக் கைக்கு வந்ததா, அந்த நாட்டுக் காலக்கெடு முடிந்துவிட்டதா என்ற மூன்றையும் வக்கீலிடம் முதலில் கேட்டுத் தெளிந்துகொள்வது அந்த வீட்டாருக்கு அவசரமான வேலை.